துரத்துகிற சந்தோஷம்

கோபப்படுகிற நாயை எப்படிச் சமாளிப்பது என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். விலகி நிற்பார்கள், அதட்டுவார்கள், கதவைச் சாத்துவார்கள். பூனையைத் துரத்துகிற நாய்க்குக் கோபமே இல்லை என்பதுதான் சிக்கல். அது உறுமுவதில்லை, பல்லைக் காட்டுவதில்லை, பிடரி மயிரைச் சிலிர்ப்பதில்லை. முகத்தில் பளிச்சென்று ஒரு கவனம், அவ்வளவுதான். அதன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான காரியத்தைச் செய்யப் போகிறது. அதை நாம் வேண்டாம் என்கிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பது கன்னி நாய். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு, ஒட்டிய வயிறு. பெயர் கருவாச்சி. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல்காட்டு ஊர் ஒன்றில், தலைமுறையாக நாய் வளர்க்கிற பெரியவர் ஒருவரிடம் குட்டியாக வாங்கினோம். அம்மாவின் பூனை அதற்கு முன்பிருந்தே வீட்டில் உண்டு. ஆரஞ்சு நிறம், பருத்த உடம்பு. பூசணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. குட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர் கேட்டார்:

"வீட்ல கோழி, பூனை ஏதும் கெடக்கா தம்பி?"

"ஒரு பூனை இருக்கு அண்ணாச்சி."

"அப்பம் இன்னைக்கே பழக்க ஆரம்பிங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. இது உங்க பூனைக்குப் பழகும். ஓடுற பூனைக்குப் பழகாது."

நாய்களைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஏறக்குறைய அந்த இரண்டு வாக்கியங்களுக்கு எழுதிய உரை என்றுதான் தோன்றுகிறது.

வேட்டையும் சண்டையும் மூளையில் வேறு வேறு இடத்துச் சமாசாரம். 1960-களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃப்ளின் குழுவினர் பூனைகளின் ஹைப்போதலாமஸில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். ஓரிடத்தைத் தூண்டினால் பூனை சீறியது, முதுகை வளைத்தது, நகத்தால் அறைந்தது. சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தைத் தூண்டினால் சத்தமே இல்லாமல் நடந்துபோய் எலியின் கழுத்தைக் கடித்தது. முதலாவது கோபம், இரண்டாவது வேட்டை. பின்னாளில் யாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளர் இந்த இரண்டாவது பாதையைத் தேடலின் பாதை என்றார். உணவைத் தேடுவதும், புதிய இடத்தை மோந்து பார்ப்பதும், இரையைத் தொடர்வதும் அதில்தான் ஓடுகின்றன. தேடுவதே இன்பம், பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

அதனால்தான் அதட்டல் இங்கே எடுபடுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், எங்கள் பக்கத்தில் அதட்டல் எதிர்வேலை செய்யும். முயலுக்குப் போகிறவர்கள் நாயை உசுப்பிவிடுவது சத்தம் போட்டுத்தானே? "சூ, சூ, பிடி" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவார்கள். கருவாச்சி பூனையை நோக்கிப் பாயும்போது அம்மா பின்னால் ஓடி "ஏய், ஏய், விடுடீ" என்று போடுகிற கூச்சல் அதன் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரம்மாவும் வேட்டையில் சேர்ந்துவிட்டாள் என்றுதான் அது நினைத்திருக்க வேண்டும். அடிப்பது இன்னும் மோசம். பூனையைப் பார்க்கும்போதெல்லாம் வலி வருகிறது என்று நாய் கற்றுக்கொண்டால், இதுவரை இல்லாத கோபமும் வந்து சேரும். ஆசையோடு துரத்தியது அப்புறம் ஆத்திரத்தோடும் துரத்தும்.

ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி நாய்களின் வேட்டையை ஒரு வரிசையாகப் பிரித்துக் காட்டினார்கள்: நிமிர்ந்து பார்ப்பது, கண்ணை நிலைநிறுத்துவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லும் கடி, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இந்தக் கண்ணிகள் முழுவதும் உண்டு. மனிதன் தன் தேவைக்கேற்ப நாய்களிடம் சிலதைக் கூட்டினான், சிலதைக் குறைத்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி கண்ணை நிலைநிறுத்தும், பதுங்கும், துரத்தும், கடிப்பது கூடாது. சுட்ட பறவையை எடுத்துவரும் ரெட்ரீவர் கவ்வும், பல் படாமல். கிடைக்குக் காவல் கிடக்கும் நாய்களிடம் இந்த வரிசையே மங்கலாகத்தான் இருக்கும். கன்னியிடமும் சிப்பிப்பாறையிடமும் நம் ஆட்கள் வளர்த்தெடுத்தது துரத்தலையும் கவ்வலையும். அந்த இரண்டையும் பயிற்சியால் அழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் கன்னி நாய் வளர்த்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கண்ணும் அதற்கேற்றதுதான். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவியும் உடனிருந்தவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. மூக்கு நீண்ட நாய்களின் விழித்திரையில் கூர்ந்து பார்க்கும் நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டையாகப் பரவியிருக்கின்றன. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களில் அவை நடுவில் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றன. பக் நாய் நம் முகத்தைப் பார்க்கிறது. கன்னி தொடுவானத்தைப் பார்க்கிறது. மரமில்லாத கரிசலில், பருத்தி எடுத்த காட்டில், எங்கோ ஒரு கோடியில் முயல் காது அசைந்தால் தெரிய வேண்டுமே. எங்கள் வீட்டில் தொடுவானம் என்பது காம்பவுண்டுச் சுவரின் மேல்விளிம்பு. தெருப்பூனைகள் நடப்பதும் அணில்கள் ஓடுவதும் சரியாக அதன் மேல்தான்.

வேலைதான் போய்விட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டது. திருவிழாவை ஒட்டிப் பாரிவேட்டை என்று கிளம்புகிறவர்களை வனத்துறை மடக்குகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. முயலுக்கும் வீடு வேண்டும். ஆனால் சட்டம் வந்த விஷயம் கருவாச்சியின் கண்ணுக்கு இன்னும் தெரியாது.

எங்களால் கைவைக்க முடிந்தது அந்த வரிசையின் தொடக்கத்தில் மட்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் கருவாச்சிக்குக் காதே கிடையாது. ஓடுவதற்கு முந்திய ஓரிரு நொடிகளில் காது உண்டு. அந்த நொடிகளை அடையாளம் கண்டுகொள்வதுதான் நாங்கள் கற்ற வித்தை. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டிருக்கிற வாய் டக்கென்று மூடும். முன்னங்கால் ஒன்று லேசாக உயரும். வால் அசைவது நிற்கும். வாய் மூடியதும் நாங்கள் பேசியாக வேண்டும்.

பேசுவது என்றால், அதன் பெயரை ஒருமுறை, சாதாரணக் குரலில். திரும்பிப் பார்த்தால் வேகவைத்த ஈரல் துண்டு. பூனையை விட்டுக் கண்ணை எடுத்ததற்கு அது கூலி. இதைத் தூரத்தில்தான் தொடங்க வேண்டும். முற்றத்தின் அந்தக் கோடியில் பூசணி படுத்திருக்க, இந்தக் கோடியில் கயிற்றில் கருவாச்சி. ஈரலை வாங்கித் தின்கிறதா, சரி, தூரம் போதும். ஈரலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையா, மிக நெருங்கிவிட்டோம், பின்னால் வர வேண்டும். நாயின் மனதை அளக்க இதைவிடச் சுலபமான அளவுகோல் எனக்குத் தெரியாது. அம்மா பூசணிக்கும் அதே நேரத்தில் ஒரு துண்டு கருவாடு போடுவாள். பூனையும் நாயைப் பார்த்து ஓடாமல் இருக்கப் பழக வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமலே அவள் கண்டுபிடித்திருந்தாள்.

பயிற்சியைவிட அதிகம் உதவியது வீட்டை மாற்றியதுதான். சமையலறை வாசலில் இடுப்புயரக் கம்பிக் கதவு. பூனை தாண்டும், நாய் தாண்டாது. (கன்னி நினைத்தால் தாண்டிவிடும். வீட்டுக்குள் இதுவரை நினைக்கவில்லை.) பூசணியின் சாப்பாட்டுத் தட்டு பரண் மேல் போனது. எல்லா அறையிலும் பூனை ஏறி உட்கார ஓர் உயரம், அலமாரியோ பீரோவோ ஏதோ ஒன்று. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒரே அறையில் கிடையாது, ஒட்டிப் படுத்துத் தூங்கினாலும் கிடையாது. படம் எடுத்துப் போடுகிறவர்கள் நாயும் பூனையும் கட்டிக்கொண்டு தூங்குவதைக் காட்டுவார்கள். பக்கத்தில் ஆள் இருப்பது படத்தில் தெரிவதில்லை.

ஓட்டத்துக்கும் ஒரு வழி வேண்டுமே. மூங்கில் கழியின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் பழைய துணி. விடியற்காலையில் மொட்டை மாடியில் அதைச் சுழற்றினால் கருவாச்சி வளைந்து வளைந்து பாயும், கவ்வும், உதறும். "விடு" என்றால் விட வேண்டும், விட்டால் மறுபடி ஆட்டம் உண்டு. "காசு கொடுத்து நாய வாங்கி, கந்தல வேட்டையாட விடுதான்" என்று அம்மா சிரிப்பாள். அணில்களுக்கு அதனால் ஆயுசு கூடியதா என்று சொல்ல முடியாது. கருவாச்சி பகலில் நிம்மதியாகத் தூங்குகிறது என்பது நிச்சயம்.

பெரியவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். சீன உளவியலாளர் குவோ ஸிங்-யாங் 1930-இல் பூனைக்குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். தாய் எலி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த குட்டிகளில் பெரும்பாலானவை எலியைக் கொன்றன. எலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. பழக்கத்தின் வலிமைக்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த 3 பூனைகள்தான் முக்கியம். அவையும் கூட வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. கொன்றது வேறு வகை எலிகளை. அவற்றின் சமாதானம் தெரிந்த எலியோடு. எலி இனத்தோடு இல்லை.

நாயும் அப்படியே. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையுள்ள காலம் எதையும் குடும்பமாக ஏற்றுக்கொள்கிற காலம். ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவில் நீண்ட காலம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் புத்தகமாக எழுதியது இதைத்தான். கருவாச்சி அந்தக் காலத்துக்குள் வந்ததால் பூசணி குடும்பமாகிவிட்டது. தெருவிலுள்ள சாம்பல் பூனை குடும்பம் இல்லை. அதைவிட விசித்திரம், பூசணியே காம்பவுண்டுக்கு வெளியே இறங்கி எதற்கோ பயந்து ஓடினால் அந்த நேரத்துக்கு அதுவும் குடும்பம் இல்லை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கிற அமைப்புகள் முதலில் பூனை முன்னால் நிறுத்திச் சோதிக்கின்றன. வீட்டுக்குள் பூனையோடு ஒத்துப்போகிற நாயையும் வெளியே நம்பக் கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

ஆகவே வெளியே போனால் கயிறு. திறந்த பொட்டலில் நீளக் கயிறு, அதுவும் கழுத்துப்பட்டையில் இல்லை, மார்பைச் சுற்றிய பட்டையில்; அந்த வேகத்தில் கயிறு இறுகினால் கழுத்து தாங்காது. ஆடு, கோழி மேய்கிற ஊருக்குப் போனால் கூடை போன்ற வாய்ப்பூட்டு, தண்ணீர் குடிக்கவும் இளைக்கவும் இடம் விடுகிற மாதிரி. வாய்ப்பூட்டைப் பார்த்துத் தெருவில் சிலர் பாவப்படுவார்கள். அடுத்தவர் கோழிக்காகப் பாவப்படுகிறவர்கள் குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், தெரியாமல் போனால் உயிர் போகும். நாய் கவ்வி உதறிய பூனையின் உடம்பில் வெளியே இரண்டு சிறு துளைதான் தெரியும். தோலுக்கு அடியில் சதை கிழிந்து, விலா ஒடிந்து, நுரையீரலில் அடி பட்டிருக்கலாம். எழுந்து நடக்கிறதே, எச்சில்தானே என்று விடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டில் போன மாதம் பையனின் பிறந்தநாளுக்கு இரண்டு வெள்ளை முயல் வாங்கிவந்திருக்கிறார்கள். பறவை, மீன், ஆமை எதுவாக இருந்தாலும் சமாளித்திருக்கலாம்; கன்னி நாய்க்குச் சுவரையொட்டி முயல். கருவாச்சி அந்தச் சுவர் ஓரமாகவே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. அவர்களிடம் பேசியதில், கூண்டை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்ற ஒத்துக்கொண்டார்கள். சுவரை நான்கு வரிசை உயர்த்துவது எங்கள் செலவு. கொத்தனார் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தப் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு, சாவி அம்மா இடுப்பில்.