வடகப் பெட்டியில் ஒரு கார்

மழையை நம்பி வடகம் போட முடிகிறதா, சகோதரிகளே? அதற்காகத்தான் சிறுகச் சிறுக வெள்ளி சேர்த்து, மின்சாரத்தில் உலர்த்தும் பெட்டி ஒன்று வாங்கினேன். என் மகன் அதில் காரை உலர்த்தினான்!

பொம்மைக் கார் என்றால் அவனுக்குக் கோபம் வரும். அசலில் 24-இல் ஒரு பங்கு அளவு. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சாயம் பூச வேண்டும். ஈரக் காற்றில் சாயம் வெளிறும். காய்வதற்குள் தூசியும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் என் பெட்டியைத் தேடியிருக்கிறான்.

மிளகாய்க்கு நான் வைத்திருந்த 70 டிகிரியை அவன் குறைக்கவில்லை. பானெட் அப்பளமாய் வளைந்துவிட்டது. இரண்டு மாத உழைப்பு. பிள்ளை இரவு சாப்பிடவில்லை.

தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தியே காலம் கழித்தவர் என் அப்பா. தாத்தாவிடம் உட்கார்ந்து பேச இவனுக்கு என்றைக்கும் நேரம் இருந்ததில்லை. அன்று அவரே வந்தார்.

"சூடு மிஞ்சினா ஷீட்டே கொப்பளிச்சிடும், தம்பி. இது எம்மாத்திரம்?"

பானெட்டை வெந்நீரில் முக்கி, கண்ணாடிமேல் வைத்து இருவருமாக அமுக்கினார்கள். முழுக்க நேராகவில்லை. மறுபடி சாயம் பூசி, வாடை அடங்கும்வரை வெளியே வைத்து, பிறகு 40 டிகிரியில் உலர்த்தினார்கள். அப்பா மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தார்.

சாயம் பட்ட பெட்டியில் தின்னும் பொருளை வைக்க எனக்கு மனமில்லை. மறுபடியும் வெள்ளி சேர்க்கிறேன்.