எங்கள் கப்பல் எது?

காலி வீதியின் இரைச்சல் அதிகம் எட்டாத ஒழுங்கையொன்றிலே, புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரத்தில் அமைந்தது தெஹிவளையிலுள்ள எங்கள் இல்லம். இங்கே மார்கழி வாடை வீசுங் காலத்தில் நியூஸிலாந்திலே கோடை நடக்கிறது. அங்குள்ள பள்ளிக்கூடங்கள் மார்கழி நடுவிலே மூடினால், தை முடியும் வரையிற் பிள்ளைகளுக்கு விடுதலைதான். ஆகவே ஒக்லாந்தில் வாழும் எங்கள் மகள், சென்ற மார்கழியில் தன் மகனுடன் கோடை விடுமுறைக்காக எங்களிடம் வந்திருந்தாள்.

முதலிரு நாட்களும் மிருகக்காட்சிச்சாலையிலும் கடற்கரையிலுமாகக் கழிந்தன. மூன்றாம் நாள் பத்து வயதுப் பேரன் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தான். அதிலே நான்கு வரிகள் வெறுமையாக இருந்தன.

மாவோரி மக்கள் சபையிலே தம்மை அறிவிக்கும் முறைக்குப் பெப்பெஹா என்று பெயர். என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் ஏறிவந்த ஓடம் இது, என் குலம் இது என்றெல்லாஞ் சொல்லி, தன் பெயரைக் கடைசியிலேதான் சொல்வார்கள். நாமோ பெயரை முதலிற் சொல்லி, ஊரை மற்றவர் கேட்டாற் சொல்லுகிறோம். (யாழ்ப்பாணத்தவர் கேளாமல் விடுவதில்லை என்பது வேறு விஷயம்.) பிள்ளைகளை மாவோரி மொழியிலேயே வளர்க்கும் கொஹங்கா ரெயோ என்னும் பாலர் நிலையங்கள் 1982 இல் தோன்றின, 1987 இல் அம்மொழி அரசகரும மொழியாயிற்று. இன்று பிறநாட்டுப் பிள்ளைகளுக்கும் வகுப்பிலே இம்முறையைப் பழக்குகிறார்கள்.

“எங்கட மலை எது, அம்மம்மா?”

“மலைக்கு நாங்கள் எங்கே போறது, ராசா? கீரிமலை எண்டு எழுது.”

கடல்மட்டத்திலே கேணியும் கோயிலுமாக இருக்கும் அவ்விடத்தில், மலை பெயரில் மட்டுமே உண்டு. ஆற்றுக்கு வழுக்கையாறு கிடைத்தது. மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கத்திலே கடலேரியிற் கலக்கும் ஆறு அது. குலத்துக்கு அம்மம்மாவின் ஊரையே எழுதிக்கொண்டான். மூன்றாவது வரியாகிய ஓடத்துக்கு வந்தபோதுதான் எல்லோரும் மௌனமானோம்.

கடைசியில் வாய் திறந்தவள் எங்கள் வீட்டம்மாதான். 1983 ஆடிக் கலவரத்தில் ஒரேயொரு பெட்டியுடன் வீட்டைவிட்டு ஓடியதும், அகதி முகாமிற் கிடந்ததும், பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியதும் அன்றுதான் அவன் காதில் விழுந்தன. அப்போது அவன் தாய்க்கு ஐந்து வயது. தட்டிலே படுத்துக் கிடந்ததும், யாரோ தகர மூடியிலே தேநீர் தந்ததும் அவளுக்கு ஞாபகம். ஆயினும் இதனை அவள் மகனுக்குச் சொன்னதேயில்லை. ஏனென்று நாங்களும் கேட்கவில்லை. சில வருடங்களின் பின் தெஹிவளைக்கு மீண்ட நாங்கள் மட்டும் எவருக்குச் சொன்னோம்?

“கப்பலின்ட பெயர் என்ன?” என்றான் பேரன். ஒருவருக்குந் தெரியவில்லை.

அவன் தன் பள்ளிக்கூடத்திலே அறிந்த செய்தியொன்றைச் சொன்னான். 1836 ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்ஸோ என்னும் பாதிரியார், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரமொன்றைக் கண்டு, இரும்புப் பானையொன்றைக் கொடுத்து அதனை மாற்றிக்கொண்டாராம். அது உடைந்த கப்பல் மணி, விளிம்பிலே தமிழெழுத்து. முகைதீன் பக்ஸ் என்பாரின் கப்பல் மணி என்பது அதன் பொருள். இன்று அது வெலிங்டன் தெ பாபா நூதனசாலைக்கு உரியது. அக்கப்பல் எவ்வாறு அங்கு சென்றது என்பது இதுவரை துலங்கவில்லை.

“அவர் பெயரையாவது எழுதி வைச்சார்” என்றாள் வீட்டம்மா.

அன்று மாலை கடற்கரையிலே, பக்கத்தில் மிதவைக்கட்டை பூட்டிய வள்ளமொன்றைப் பேரன் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மாவோரியரின் முன்னோர் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த ஓடங்களிலும் இத்தகைய மிதவை உண்டென்றான்.

விடைபெறும் நாளிலே அவன் மாவோரி முறைப்படி தன் நெற்றியையும் மூக்கையும் அம்மம்மாவின் முகத்தோடு ஒற்றினான். மூக்கால் முகர்ந்து கொஞ்சியே பழகிய அவளுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. கொப்பியின் மூன்றாவது வரியிலே, ‘கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு, 1983’ என்று பென்சிலால் எழுதி, பெயருக்கு இடம் விட்டிருந்தான்.