ஆயா சொன்ன எழுபத்தஞ்சு

நோட்டில் 615 என்று எழுதியிருந்தது. மேலே 47, கீழே 28, பக்கத்தில் கூட்டல் குறி. விடையின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

வீராம்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த வீடு. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டைப் பார்த்த அம்மாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதாமலே படிப்பை விட்டவர் அவர். 'நம்ம தலையெழுத்து இவளுக்கும் வந்துடுமோ' என்று வாய்விட்டுச் சொல்லாத பயம் அது.

"ஏழும் எட்டும் பதினஞ்சு, எழுதிட்டேன். நாலும் ரெண்டும் ஆறு, எழுதிட்டேன். இதுல என்னம்மா தப்பு?" என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு.

சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வரிசையையும் சரியாகத்தான் கூட்டியிருந்தாள். எங்கே தப்பு என்று விளக்க அம்மாவுக்கும் வார்த்தை வரவில்லை. "பதினஞ்சுல அஞ்சு போட்டு, ஒண்ணு மேல போடணும்டி" என்றார். ஏன் மேலே போடணும் என்று அவருக்கும் யாரும் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயா உள்ளே வந்தார். விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து, ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டுத் திரும்புகிறவர். பள்ளிக்கூடம் பக்கம் போனதே இல்லை. சங்கரா ஒரு கூறு, நெத்திலி ரெண்டு கூறு, போன வாரப் பாக்கி என்று எதைக் கேட்டாலும் கை கழுவுவதற்குள் கணக்கு சொல்லிவிடுவார்.

"நாப்பத்தேழும் இருபத்தெட்டும் எவ்ளோ அத்தை?" என்று மருமகள் கேட்டார்.

"எழுபத்தஞ்சு."

"எப்டி?"

"இருபத்தெட்டுல மூணு எடுத்து அங்க போட்டா அம்பது. மிச்சம் இருபத்தஞ்சு. இதுல இன்னா இருக்கு?"

பிறகு பேத்தியை மடியில் இழுத்து உட்கார வைத்தார். "ஒரு கையில நாப்பத்தேழு ரூவா, ஒரு கையில இருபத்தெட்டு ரூவா. ரெண்டும் சேந்தா நூறு ரூவா ஆவுமா கண்ணு?"

"ஆவாது ஆயா. கொறையும்."

"அப்புறம் அறுநூறு எங்கேருந்து வந்துச்சு?"

குழந்தை சிரித்துவிட்டாள். சுருக்குப்பையைக் கொட்டி ஆயா நோட்டு எண்ணும்போது, பக்கத்தில் உட்கார்ந்து மீதிச் சில்லறை சொல்கிற பிள்ளைதான் அவள். அங்கே தப்பு வராது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எண்கள் பணமாக இல்லாமல் வெறும் கோடுகளாகிவிடுகின்றன.

இது வீராம்பட்டினத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை. பிரேசிலின் கடலோர நகரமான ரெசிஃபியில் தெருவில் வியாபாரம் செய்த 5 சிறுவர்களை ஆராய்ந்து 1985-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு என்று 12 வயதுப் பையனிடம் கேட்டார்கள். மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று ஏறிக்கொண்டே போய் 350 என்றான். பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் போதும் என்ற பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவில்லை. கடையில் வைத்துக் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் தேறியது.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் அதிகமான பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தையில் மனக்கணக்காகப் போடும் பிள்ளைகள் பள்ளிப் பாணிக் கேள்வியில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. பெற்றோர் யோசிக்க வேண்டியது இந்த இரண்டாவது செய்தியைத்தான். நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தால் தெரியும்.

நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிகளில் இந்தப் பிரிவு இவ்வளவு ஆழமாக இல்லை. வீராம்பட்டினத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அந்தக் கணக்கு முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார் செந்தில் பாபு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லி மனதில் ஏற்றியது எல்லாம் ஊரில் புழங்கிய அளவைகளும் பின்னங்களும்தான். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா ஒரு மா. இரண்டு இரண்டாகக் கூட்டியே 20-ல் ஒரு பங்குக்கு வந்துவிடலாம். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை, பிரம்படிக்கும் குறைவில்லை. அதனால் அந்தக் காலமே திரும்ப வரட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு முதலில் வாயிலும் காதிலும் ஏறியது. அது சும்மா இல்லை.

காது என்றதும் இன்னொன்று. மகள் படிப்பது ஆங்கில வழி. 'தர்ட்டீன்' என்றால் அதில் பத்து எங்கே இருக்கிறது என்று ஏழு வயதுக்குத் தெரியாது. 'லெவன்' இன்னும் மோசம். தமிழில் பதின்மூன்று என்னும்போதே பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. நாற்பத்தேழு என்றால் நாற்பதும் ஏழும். அம்மா இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். கணக்கைத் தமிழில் படித்துச் சொன்ன அன்று, "நாப்பதும் இருபதும் அறுபது, ஏழும் எட்டும் பதினஞ்சு, அறுபதும் பதினஞ்சும்..." என்று இழுத்து, "எழுபத்தஞ்சு!" என்று கத்தினாள் மகள். இது ஆயா போட்ட வழி இல்லை. அவளே கண்டுபிடித்தது.

அதற்குப் பிறகு ராத்திரியில் பத்து நிமிஷம் புளியங்கொட்டை விளையாட்டு. பத்துக் கொட்டையில் சிலதை ஆயா கைக்குள் மறைப்பார். வெளியே இருப்பதைப் பார்த்து உள்ளே எத்தனை என்று சொல்ல வேண்டும். ஏழு வெளியே என்றால் மூணு உள்ளே. இந்தப் பத்து ஜோடி படிந்துவிட்டால் எட்டும் அஞ்சும் கூட்ட விரலை மடக்க வேண்டாம்: அஞ்சிலிருந்து ரெண்டைக் கொடுத்து எட்டைப் பத்தாக்கினால் மிச்சம் மூணு. ஒன்பதைக் கூட்ட, பத்தைக் கூட்டி ஒண்ணு குறைக்கலாம். படியும்வரை விரல் இருந்துவிட்டுப் போகட்டும். விரலை மடக்கினால் அதட்டுவதும், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 'சீக்கிரம், சீக்கிரம்' என்பதும் பிள்ளையைக் கணக்கிலிருந்து விரட்டுகிற வேலை. சரியான விடைக்கும் 'எப்டி வந்துச்சு?' என்று ஆயா கேட்பார். தப்பு வந்தால் மட்டும் அப்படிக் கேட்கிற வீடுகளில், கேள்வி வந்ததுமே பிள்ளை ரப்பரை எடுத்துவிடும்.

அடுத்து வந்தது வேறு சிக்கல். வகுப்பில் 75 என்று நேராக எழுதிவிட்டு வந்தாள். விடை சரி, ஆனால் வழி இல்லை என்று பாதி மதிப்பெண். அம்மா கிளம்பிப் போனார். அறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த டீச்சர், "பரீட்சைல ஸ்டெப் கேப்பாங்கம்மா, நான் என்ன பண்றது?" என்றார். சண்டை போடத்தான் போனார் அம்மா. போட முடியவில்லை. நாளைக்கு மூன்று இலக்கம், நான்கு இலக்கம் என்று வரும்போது காகித வழியும் வேண்டும்தானே.

அன்று ராத்திரி நோட்டில் அந்தக் கணக்கையே மறுபடி போட்டார்கள். ஆயா எட்டிப் பார்த்தார். 4-க்கு மேலே குட்டியாக ஒரு 1.

"இது இன்னாடி, ஒண்ணு மட்டும் மேல ஏறி குந்திக்கினு இருக்கு?"

மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"அது ஒண்ணு இல்ல ஆயா. பதினஞ்சுல இருந்த பத்து. பத்துங்க எல்லாம் அந்தப் பக்கம் இருக்குதுல்ல, அதான் அங்க போயிடுச்சு."

"அப்டி சொல்லு" என்றார் ஆயா. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வட்டத்தை இன்னொரு முறை பார்த்தார்.