வயலோரத்துக் கதிர்



ரூத்தின் சரித்திரத்தைப் போவாசின் தயவுக்குச் சாட்சியாகவே நாம் பெரும்பாலும் தியானிக்கிறோம். ஆனால் போவாஸ் அவளைக் காணும் முன்னரே அவள் அவனுடைய வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அறுவடையின்போது வயலின் ஓரங்களையும் உதிர்ந்த கதிர்களையும் எளியவர்களுக்கென விட்டுவைப்பது இஸ்ரவேலின் சட்டம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் அதைக் காண்கிறோம். ரூத் கையேந்தவில்லை. சட்டம் தனக்கென ஒதுக்கியதையே எடுத்துக்கொண்டாள்.

முதல் குழந்தையை எதிர்நோக்கும் ஓர் இளம் தம்பதியர் அண்மையில் என்னிடம் ஜெபிக்க வந்தபோது இது நினைவுக்கு வந்தது. கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. மனைவிக்கு மூன்றாம் மாதம். குடியிருந்த அறையைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அரசு உதவிக்குப் பதிவு செய்தீர்களா என்று கேட்டேன். "அது பிச்சை கேட்பதுபோல் இருக்கிறது, ஐயா" என்றார் அந்தத் தம்பி.

பிச்சை அல்ல, பிரியமானவர்களே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மாரின் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியை ஒதுக்கியிருக்கிறது. அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் சேரும். எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். தாய் 19 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கருவுற்ற 12 வாரங்களுக்குள் அப்பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்வது அவசியம். கூச்சத்தில் கழியும் வாரங்கள் திரும்பி வருவதில்லை.

வீட்டின் காரியம் இதைவிடக் கடினம். கிராமத்தில் சொந்த இடத்தில் குடிசையில் வாழ்வோருக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3,50,000 ரூபாய் தருகிறது. நகரத்து ஏழைகளுக்கு, முன்பு குடிசை மாற்று வாரியம் என்று அறியப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகள் உண்டு. ஆயினும் விண்ணப்பம் காத்திருக்கலாம்; பிரசவம் காத்திராது. இன்றைக்கு அவர்களுக்குத் தேவை ஒரு வாடகை வீடு.

நம்மில் பலர் வீடு வாடகைக்கு விடுகிறோம். கர்ப்பிணி என்று அறிந்ததும், தண்ணீர் அதிகம் செலவாகும், உறவினர் வந்து தங்குவர் என்று தயங்குகிறோம். பத்து மாத முன்பணம் கேட்கிறோம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ மூன்று மாத வாடகையையே முன்பணத்தின் அளவாகக் குறிக்கிறது.

போவாஸ் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. அவள் பொறுக்கும்படி அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்தவிடுமாறு வேலைக்காரருக்குச் சொன்னான். அவள் வெட்கப்படாதபடி பார்த்துக்கொண்டான். இவ்வாரம் நம்மில் ஒருவர் ஒரு கர்ப்பிணித் தாயைச் செவிலியரிடம் அழைத்துச் செல்லலாம். ஒருவர் வங்கிக் கணக்கில் ஆதாரை இணைக்க உடன் போகலாம். ஒருவர் பூட்டிக் கிடக்கும் மாடி அறையைத் திறந்துகொடுக்கலாம்.

எளியவரின் பங்கை அவர்கள் கையில் சேர்க்கும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.