காலிப் பீடம், கரை திரும்பிய கப்பல், ராஜாராம் மோகன் ராய் கல்லறை... பிரிஸ்டலைச் சுற்றிப் பார்க்கலாமா?

மகனோ மகளோ இங்கிலாந்தில் படிக்கிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்காக அப்பா, அம்மா விமானம் ஏறுகிறார்கள். விழா முடிந்ததும் லண்டனில் பிக் பென், டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை என்று வரிசையாகப் பார்த்து, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால்? லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பிரிஸ்டல் வந்துவிடும்.

தென்மேற்கு இங்கிலாந்தில், ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் பழைமையான துறைமுக நகரம் இது. பார்க்க அழகான ஊர்தான். ஆனால், அந்த அழகுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் இந்த ஊரே நம் முன் எடுத்து வைக்கிறது. அதற்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இரண்டு நிமிட முள் உள்ள கடிகாரம்

ரயில் வந்து நிற்கும் டெம்பிள் மீட்ஸ் நிலையமே ஒரு வரலாற்றுச் சின்னம். 1840-ல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற பொறியாளர் புரூனெல். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், நாள் முழுக்க நம்முடன் வருவார்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கார்ன் ஸ்ட்ரீட். அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கடிகாரத்தை அண்ணாந்து பாருங்கள். மணி முள் ஒன்று, நிமிட முள் இரண்டு! ரயில் வருவதற்கு முன்பு ஒவ்வோர் ஊரும் சூரியனைப் பார்த்துத் தன் நேரத்தைக் கணக்கிட்டது. லண்டனுக்கு மேற்கே இருக்கும் பிரிஸ்டலின் நேரம் சுமார் 10 நிமிடங்கள் பின்தங்கியிருந்தது. ரயிலோ லண்டன் நேரப்படி கிளம்பியது. ஊர் நேரத்தை நம்பியவர்கள் ரயிலைத் தவறவிடாமல் இருக்கத்தான் இந்த இன்னொரு முள். 1852-ல் நகரமே லண்டன் நேரத்துக்கு மாறிவிட்டது. முள் மட்டும் இன்னும் இருக்கிறது.

கட்டடத்தின் வாசலில் இடுப்பளவு உயரத்தில் நான்கு வெண்கல மேடைகள் இருக்கும். வணிகர்கள் பேரம் முடித்துப் பணத்தை எண்ணி வைத்த இடம் இது. பின்னாலேயே செயின்ட் நிக்கோலஸ் மார்க்கெட். பல நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு சிலை விழுந்த கதை

அந்த மேடைகளில் புரண்ட பணத்தில் பெரும் பங்குக்கு ஒரு பின்னணி உண்டு. 1698 முதல் 1807 வரை பிரிஸ்டலின் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 5 லட்சம் பேரை அடிமைகளாக அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஏற்றிச் சென்றன. திரும்பும்போது சர்க்கரையும் புகையிலையும் வந்தன.

இந்த வணிகத்தில் ஈடுபட்ட ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் எட்வர்ட் கோல்ஸ்டன். சொந்த ஊரான பிரிஸ்டலில் பள்ளிகளுக்கும் அறநிலையங்களுக்கும் வாரி வழங்கியதால், 1895-ல் அவருக்கு நகரின் மையத்தில் சிலை வைத்தார்கள். பல ஆண்டுகளாக எதிர்ப்புக் குரல்கள் எழுந்தும் சிலை அசையவில்லை. 2020 ஜூன் 7 அன்று, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' போராட்டத்தின்போது மக்கள் அதைக் கயிறு கட்டிச் சாய்த்து, உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள்.

நகர நிர்வாகம் அந்தச் சிலையை மீட்டது. ஆனால், மறுபடி பீடத்தில் ஏற்றவில்லை. துறைமுகக் கரையில் உள்ள எம் ஷெட் அருங்காட்சியகத்தில், போராட்டக்காரர்கள் பூசிய பெயின்ட்டுடன் அப்படியே படுத்த நிலையில் வைத்துவிட்டார்கள். அனுமதி இலவசம். பீடம் நகர மையத்தில் காலியாக நிற்கிறது. முதலில் பீடத்தைப் பாருங்கள், பிறகு சிலையைப் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே, தண்ணீருக்கு மேல் கொம்பு போன்ற இரண்டு உருவங்களுடன் ஒரு நடைபாலம் வரும். அதன் பெயர் பெரோ பாலம். பெரோ, ஜான் பின்னி என்ற சர்க்கரைத் தோட்ட முதலாளி கரீபியனில் இருந்து இங்கே அழைத்து வந்த அடிமைப் பணியாளர். பின்னி வாழ்ந்த வீடும் 'ஜார்ஜியன் ஹவுஸ்' என்ற பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேல் மாடியின் அழகான அறைகளைப் பார்த்த கையோடு, தரைக்குக் கீழே உள்ள சமையலறையையும் பார்த்துவிடுங்கள்.

127 ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய கப்பல்

துறைமுகக் கரையோரமாகவே நடந்தால் 'எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன்'. இரும்பு உடலும் புரொப்பெல்லரும் கொண்ட முதல் பெரிய பயணிகள் கப்பல். உருவாக்கியவர் நம் புரூனெல்தான்! 1843 ஜூலை 19 அன்று மிதக்கவிடப்பட்ட இந்தக் கப்பல், ஆயிரக்கணக்கானவர்களை ஆஸ்திரேலியாவில் குடியேற்றியது. கடைசியில் ஃபாக்லாந்து தீவுகளின் கரையில் கைவிடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது. மிதவை மேடையில் ஏற்றி அட்லாண்டிக் வழியாக இழுத்து வந்து, தான் கட்டப்பட்ட அதே உலர் துறைக்குள் மறுபடி நுழைத்த நாளும் ஜூலை 19 தான். ஆண்டு 1970. இதற்கு டிக்கெட் உண்டு. குழந்தைகளுடன் போனால் இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

அருகிலேயே ஒரு சுவரில், காதணிக்குப் பதிலாக மஞ்சள் நிற அலாரம் பெட்டி மாட்டிய பெண்ணின் ஓவியம் இருக்கும். முகம் காட்டாத ஓவியர் பேங்க்ஸி வரைந்தது. அவர் வளர்ந்து வந்ததும் இதே ஊரின் தெருச் சுவர்களில்தான்.

மாலையில் கிளிஃப்டன் தொங்கு பாலத்துக்குப் போங்கள். ஆற்றுக்கு மேலே சுமார் 75 மீட்டர் உயரம், 214 மீட்டர் நீளம். நடந்து போகக் கட்டணம் இல்லை. இதற்கான வடிவமைப்பைத் தந்த புரூனெல் 1859-லேயே இறந்துவிட, சக பொறியாளர்கள் அவர் நினைவாக 1864-ல் கட்டி முடித்தார்கள்.

இரண்டு இந்தியர்கள்

நகர மையத்தின் காலேஜ் கிரீன் பகுதியில் தலைப்பாகையுடன் ஒரு சிலை நிற்கிறது. ராஜாராம் மோகன் ராய்! உடன்கட்டை ஏறும் கொடுமைக்கு எதிராகப் போராடியவர். முகலாயப் பேரரசரின் தூதராக இங்கிலாந்து வந்தவர், 1833 செப்டம்பர் 27 அன்று பிரிஸ்டலில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய கல்லறை ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே, சிலுவைகளுக்கு நடுவே, நம் ஊர் பாணியில் தூண்கள் தாங்கும் ஒரு கல் மண்டபம். தாகூரின் தாத்தா துவாரகநாத் தாகூர் எழுப்பியது.

இன்னொருவரை அதிகம் பேருக்குத் தெரியாது. 1963-ல் இந்த நகரின் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தது. பால் ஸ்டீபன்சன் உள்ளிட்டோர் அழைப்பு விடுக்க, மக்கள் மாதக்கணக்கில் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் பணிந்தது. அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர், ரக்பீர் சிங் என்ற சீக்கியர். 1965-ல் பிரிட்டன் இனப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இயற்றியதில் இந்தப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. பேருந்து நிலையத்தில் இதற்கான நினைவுப் பலகை இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் அந்த ஊரில் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள் என்றால், அந்தப் பலகையின் முன் ஒரு நிமிடம் நிற்கலாம்.

இரண்டாம் நாள்... பக்கத்து ஊர்கள்

ரயிலில் கால் மணி நேரத்தில் பாத் நகரம். பூமிக்கடியில் இருந்து சுமார் 46 டிகிரி வெப்பத்தில் ஊறும் நீரைச் சுற்றி ரோமானியர்கள் கட்டிய குளியல் மண்டபத்தைப் பார்க்கலாம் (குளிக்க அனுமதி இல்லை!). மலைப் பிளவும் குகைகளும் பிடிக்கும் என்றால் செடார் கார்ஜ். அமைதியான தேவாலய நகரம் வேண்டும் என்றால் வெல்ஸ்.

கிளம்பும் முன்...

* மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஆகஸ்ட்டில் போனால் வெப்பக் காற்று பலூன் திருவிழாவையும் பார்க்கலாம். எந்த மாதமானாலும் குடை அவசியம்.

* ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் செலவு குறையும்.

* அருங்காட்சியகங்கள் சிலவற்றுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஜார்ஜியன் ஹவுஸ் குளிர்காலத்தில் மூடியிருக்கும். இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

* துறைமுகத்துக்குள் சிறு படகுகள் ஓடுகின்றன. கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம்.

* ஊர் முழுக்க ஏற்ற இறக்கம். மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கிளிஃப்டன் பாலத்துக்கு மட்டுமாவது பேருந்து அல்லது டாக்ஸியில் போய்விடுங்கள்.