அவன் கேட்டது 125

என் அக்கா மகனின் முதல் பைக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான். அவன் விழுந்து கால் உடைந்தபோது, ரோட்டில் மணல் கிடந்தது என்று அக்காவிடம் சொன்னவனும் நான்தான். மணல் எதுவும் இல்லை. அக்காவுக்கு இது தெரிய வேண்டும்.

அவன் கேட்டது 125 சிசி வண்டி. அதுவரை வீட்டிலிருந்த ஸ்கூட்டிதான் அவனுக்குப் பழக்கம். நண்பனின் ஸ்ப்ளெண்டரை வாங்கிக்கொண்டு போய் எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்திருந்தான். "இந்த மாதிரி வண்டியே போதும் மாமா, திருப்ப லேசா இருக்கு" என்றான். எவ்வளவு சரியாகச் சொன்னான்! நான் கேட்கவில்லை. "வேலைக்குப் போற பையன், கெத்தா ஒண்ணு எடுடா" என்று 350 சிசி வண்டிக்கு முன்பணத்தையும் கட்டிவிட்டேன். பணம் போட்ட மாமாவிடம் அவன் எப்படி மறுத்துப் பேசுவான்?

உண்மையில் அந்த வண்டிக்கு ஆசைப்பட்டவன் நான். வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஃபீஸ் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, வாங்காமலே வயதாகிவிட்டது. அந்தச் சத்தம் எங்கள் வாசலில் கேட்க வேண்டும் என்ற ஆசையை அவன் தலையில் கட்டினேன். அதற்குப் பரிசு என்று பெயரும் வைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஸ்ப்ளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. இந்த 350 சிசி வண்டி 190 கிலோவுக்கு மேல். ஓடும்போது அந்த எடை தெரியாது. நிறுத்தும்போதும், நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், திருப்பும்போதும்தான் முழுசாகத் தெரியும். ஷோரூமில் அவன் உட்கார்ந்தபோது குதிகால் தரையைத் தொடவில்லை, விரல்கள் மட்டும் ஊன்றியிருந்தன. பார்த்தேன். "போகப் போகப் பழகிடும்" என்றேன்.

ஐரோப்பாவில் புதிதாக ஓட்டும் இளைஞர்களுக்குச் சட்டமே படி வைத்திருக்கிறது. முதலில் 125 சிசி வரை, பிறகு நடுத்தர சக்தி, அனுபவம் வந்தபின் பெரிய வண்டி. இங்கே 18 வயதில் 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டவர் அன்றைக்கே 1000 சிசி ஓட்டலாம். அதனால் அந்தப் படியை வீட்டிலுள்ள பெரியவர்கள்தான் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

அவன் வேகமாகப் போய் விழவில்லை. தெருமுனைச் சரிவில் நடக்கிற வேகத்தில் வண்டியைத் திருப்பியிருக்கிறான். எதிரே ஆட்டோ வந்ததும், ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டான். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. ஊன்றப் போன கால் தரைக்கு எட்டவில்லை. கணுக்கால் வண்டிக்கு அடியில் சிக்கி எலும்பு உடைந்தது. "வண்டியைத் தாங்க முடியல மாமா" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகுதான் அக்காவிடம் மணல் கதையைச் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான் தகுதியானவன் இல்லை.

கால் சரியானபின் அந்தப் பெரிய வண்டியை விற்றுவிட்டு, என்னைக் கேட்காமல் 125 வாங்கினான். கொஞ்ச நாள் கழித்து அதில் ஏற்காடு போனபோது நான் பின்னாலேயே போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் இன்ஜினை நன்றாக முறுக்கி, வண்டியைச் சாய்த்து வளைத்து ஏறினான். பெரிய வண்டியின் சக்தியில் பாதியைக்கூட நம் ரோட்டில் பயன்படுத்த முடியாது. சின்ன வண்டியை முழுசாக ஓட்டலாம். சந்தோஷம் அதில்தான் இருக்கிறது என்பது எனக்கும் ஒரு காலத்தில் தெரியும். நான் பழகியதே டி.வி.எஸ் 50-இல்தான்.

முதல் வண்டிக்குப் பணம் கொடுக்கப்போகும் மாமாக்களே, சித்தப்பாக்களே, அண்ணன்களே, ஷோரூமில் கலரைக் கேட்பதற்கு முன் பிள்ளையை ஏறி உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று குனிந்து பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பச் சொல்லுங்கள். திணறினால் அந்த வண்டி வேண்டாம். அவன் கேட்டதையே வாங்கிக் கொடுங்கள்.