களிமண்ணில் பதிந்த முகம்



ஆபரணம் அணியாதிருப்பதை நம் சபையார் ஒரு சாட்சியாகவே காத்து வருகிறோம். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த வைராக்கியத்தினாலேயே ஒரு பிள்ளையின் உள்ளத்தைப் புண்படுத்தினேன் என்பதை இன்று உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

மும்பையில் ஒரு ஞாயிறு ஆராதனையில், ஒரு வாலிப சகோதரியின் சேலை மடிப்பில் வட்டமான புரோச் ஒன்றைக் கண்டேன். "நகையைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தைக் குத்திக்கொள்ளுகிறவர்களும் உண்டு" என்று பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னேன். சிலர் நகைத்தார்கள். அவள் முந்தானையால் அதை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் வீடு சந்திப்புக்குச் சென்றபோது, அவள் தன் தம்பிக்காக அதேபோல் மற்றொன்றைச் செய்துகொண்டிருந்தாள். "ஐயா, இது நகையல்ல, என் அம்மாவின் முகம். நான் ரயிலில் ஊர்போய்ச் சேருமுன்னே அடக்கம் முடிந்துவிட்டது" என்றாள். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் துக்கம் நேர்ந்திருக்கிறது!

நான் பேச வகையற்று அவள் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிமர் களிமண் நிலத்து மண்ணல்ல; பி.வி.சி. பிளாஸ்டிக்கும் அதை இளக்கும் பொருளும் சேர்ந்தது. காற்றில் உலராது, சூட்டில்தான் இறுகும். லேசர் அச்சில் எடுத்த படத்தை அதன்மேல் முகங்குப்புற வைத்து, அழுத்தித் தேய்த்து, சற்று நேரம் விட்டுவிடுகிறார்கள். அச்சின் கருமை மண்ணைப் பற்றிக்கொள்ளுகிறது. பின்பு தாளை நீரில் நனைத்து, விரலால் மெல்ல உருட்டி நீக்குகிறார்கள். தாள் போய்விடுகிறது; முகம் நிற்கிறது. பொட்டலத்தில் குறித்தபடி, ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரைமணி நேரம் சுட்டு, ஆறியபின் பின்புறத்தில் ஊசியை ஒட்டுகிறார்கள்.

முதல் முறை படத்தை இடம்வலமாகத் திருப்பி அச்சிட மறந்துவிட்டாளாம். தாயின் இடக்கையிலிருந்த வேதாகமம் வலக்கைக்கு மாறிவிட்டது. "அம்மா அப்படிப் பிடிக்கமாட்டார்கள் ஐயா" என்று அதை ஒதுக்கிவைத்து, மறுபடியும் செய்தாளாம்.

"சுட்ட மண்ணில் படம் பதியாதா?" என்று கேட்டேன். "இப்படிப் பதியாது ஐயா. மண் இளகியிருக்கும்போதே வைக்க வேண்டும்" என்றாள். அந்த வார்த்தை என்னை உணர்த்திற்று. வேதாகமக் கல்லூரியில் கற்று, ஆண்டுக்கணக்காய் ஊழியம் செய்து, நான் சுட்ட மண்ணாகிவிட்டேனோ? துக்கப்படுகிற ஒரு பிள்ளையின் முகமும் பதியாத அளவுக்கு என் இருதயம் இறுகிப்போயிற்றே!

சபையின் முன் கடிந்துகொண்டேன். ஆகவே அடுத்த ஞாயிறு சபையின் முன்னே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, பிரதான ஆசாரியனாகிய ஆரோன் இஸ்ரவேல் கோத்திரங்களின் நாமங்களைத் தன் மார்பின்மேல் சுமந்தான் என்று யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மந்தையின் துக்கத்தைச் சுமக்காத மேய்ப்பனின் மார்பு வெறுமையானது. மரித்தோரின் படத்தை நாம் வணங்குவதில்லை. ஆனால் லோவிசாளிடமும் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் தீமோத்தேயுவில் நிலைத்ததுபோல, அந்தத் தாயின் விசுவாசம் மகளில் பதிந்திருக்கிறது. தாள் கரைந்தது, சாயல் நிற்கிறது.

கிறிஸ்துவின் சாயல் நம்மில் உருவாகும்படி, குயவன் கையில் இளகிய மண்ணாயிருப்போம். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.